பசி பாசியாகும் வேகம்: திருகோணமலையில் பங்க் குழு தொடங்குகிறவர்களுக்கு

நாலு நண்பர்கள் சேர்ந்து, வேகமாகவும் உரக்கவும் கத்திப் பாடும் பங்க் ராக் குழு தொடங்கியதும் முதல் சண்டை கிட்டாரின் விலையில்தான் வருகிறது. விலை உயர்ந்தது வரும்வரை பயிற்சியைத் தள்ளிப்போடுவது வீண். நியூயோர்க்கின் ரமோன்ஸ் குழு 1976இல் வெளியிட்ட முதல் இசைத்தட்டின் பதிவுச் செலவு ஏறத்தாழ 6,400 டொலர். 14 பாடல்கள், மொத்தம் அரை மணி நேரம்கூட இல்லை. அந்தக் காலத்துப் பெரிய குழுக்களுக்கு அது சில்லறைக் காசு.

கால் சறுக்குவது வரிகளில். கத்துவதுதானே, சொல் எப்படி இருந்தால் என்ன என்று நினைக்கிறார்கள். நிமிடத்துக்கு 180 தாளத் தட்டு, தட்டுக்கு இரண்டு எழுத்து என்றால் நொடிக்கு ஆறு எழுத்து வாயிலிருந்து வந்து விழ வேண்டும். ஆங்கிலப் பாட்டின் மெட்டுக்குள் தமிழைத் திணித்தால் குறில் நீளும், நெடில் குறுகும். எனக்குத் தெரிந்த ஒரு குழு ‘பசி, பசி’ என்று தொண்டை கிழியக் கத்தியது. மெட்டு முதல் எழுத்தை இழுத்ததால் கீழே நின்றவர்களுக்கு ‘பாசி, பாசி’ என்றே கேட்டது. கடற்கரை ஊர் அல்லவா, யாரும் சந்தேகப்படவில்லை! பிறகு ‘பட்டினி’ என்று மாற்றினார்கள். அந்த ‘ட்ட’ டிரம்மோடு சேர்ந்து அறைந்தது. இழுக்க இடமே இல்லை. வரி எழுதியதும் கிட்டாரைத் தொடாமல் மேசையில் தாளம் தட்டி, முழு வேகத்தில் சொல்லிப் பாருங்கள்.

தகரக் கூரை அறையில் ஆளுக்கு ஆள் ஒலியைக் கூட்டுவதும் வேண்டாம். பாடுகிறவரின் குரல்தான் முதலில் காணாமல் போகும்.

கொழும்பிலிருந்து அழைப்பு வரட்டும் என்று காத்திருப்பது இன்னொரு நோய். மான்செஸ்டரின் பஸ்காக்ஸ் குழு இலண்டனின் தயவுக்காக நிற்கவில்லை. 500 பவுண் கடன் வாங்கி, 1977 ஜனவரியில் தன் இசைத்தட்டைத் தானே வெளியிட்டது. முதலில் அச்சிட்டது 1,000 பிரதிகள். உங்களுக்கு உள்ளூரில் இருபது பேர் வந்தால் அந்த இருபது பேருக்கு வாசியுங்கள்.

ஒன்று மறந்துவிட்டேன். உப்புவெளிக் கடற்கரையில் வாசித்துவிட்டு வியர்வையோடு கிட்டாரை உறைக்குள் போட்டு மூடாதீர்கள். உப்புக் காற்றில் எஃகுத் தந்தி சீக்கிரம் துருப்பிடிக்கும். உலர்ந்த துணியால் ஒவ்வொரு தந்தியாகத் துடையுங்கள். அடுத்த நிகழ்ச்சியில் இரண்டாவது பாட்டிலேயே தந்தி அறுந்தால், இரவு எட்டு மணிக்கு எந்தக் கடையைத் தட்டுவீர்கள்?