முதல் வெடிக்கு முன்: தோட்டத்துக்கு மேலே கல்குவாரி வரும்போது செய்ய வேண்டியவை

கொழும்பில் ஒரு கட்டுமான நிறுவனத்துக்குக் கல் கொடுக்கும் குவாரிகளின் பத்திரங்களைச் சரிபார்ப்பது என் வேலை. பிறந்து வளர்ந்தது பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில். ஊருக்குப் போனால் யாராவது கேட்பார்கள்: "புள்ள, எங்க லயத்துக்கு மேல குவாரி போடப் போறாங்களாம், என்னா செய்றது?" லயம் என்றால் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள். கேட்பவர்களிடம் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன்.

கம்பனி அறிக்கைகளில் சுற்றாடல், சமூகம், நல்லாட்சி என்று மூன்று தலைப்பு இருக்கும். மரம் நடும் படமும் பிள்ளைகளுக்குக் கொப்பி கொடுக்கும் படமும் இருக்கும். நான் முதலில் தேடுவது வேறு: வேலை தொடங்குவதற்கு முன் அந்த இடம் எப்படி இருந்தது என்ற பதிவு. அது இல்லையென்றால் பிறகு சுவர் வெடித்தாலும் தண்ணீர் கலங்கினாலும் "லயம் பழசு, முன்பே வெடித்திருந்தது" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். பல லயங்கள் வெள்ளைக்காரன் காலத்தவை, அந்த வரியை மறுப்பதும் லேசல்ல. ஆகவே குவாரி வரப் போகிறது என்று காதில் விழுந்த அன்றே பதிவைத் தொடங்குங்கள். கம்பனி செய்யும் என்று காத்திருக்க வேண்டாம்.

லயத்தின் ஒவ்வொரு காம்பராவையும், அதாவது ஒவ்வொரு குடும்பத்தின் வீட்டையும், இஸ்தோப்பு என்ற முன் திண்ணையிலிருந்து குசினி வரை படம் எடுங்கள். விரிசல் இருக்கும் இடத்தில் பக்கத்தில் ஓர் அடிமட்டத்தை வைத்து எடுத்தால் அகலம் தெரியும். விரிசல் எங்கே முடிகிறதோ அங்கே பென்சிலால் குறுக்கே ஒரு கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். நீண்டால் கோட்டைத் தாண்டியிருக்கும். விரிசலுக்குக் குறுக்கே சாந்தைப் பட்டையாகப் பூசி வைப்பதும் நல்ல வழி. சுவர் அசைந்தால் அந்தப் பட்டை வெடித்துவிடும். படங்களை ஒரே போனில் வைத்திருக்காதீர்கள், வெளியூரில் இருக்கும் சொந்தக்காரர் ஒருவருக்கும் அனுப்பிவிடுங்கள். காம்பரா வாரியாக ஒரு பட்டியல் எழுதி, கிராம சேவகரிடம் தேதியோடு கையெழுத்துக் கேளுங்கள். அவர் தயங்கினால் பட்டியலைப் பிரதேச செயலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

அடுத்தது பீலி, அதாவது ஊற்றுத் தண்ணீர் வந்து விழும் குழாய். சுவரைவிட இதில்தான் எனக்குக் கவலை அதிகம். சுவரைப் பூசலாம், ஊற்றுக்கண் அடைபட்டால் திரும்புமா என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. இருபது லீட்டர் கேன் ஒன்றைப் பீலிக்கடியில் வைத்து, நிரம்ப எத்தனை செக்கன் என்று வாரத்துக்கு ஒருமுறை ஒரே நேரத்தில் பாருங்கள். கூடவே அந்த வாரம் மழையா வெயிலா என்றும் எழுதுங்கள். தண்ணீரைக் கண்ணாடிப் போத்தலில் பிடித்து வெள்ளைத் தாளுக்கு முன்னால் வைத்துப் படம் எடுங்கள். வெயில் காலத்துக் கணக்கும் மழைக் காலத்துக் கணக்கும் இரண்டும் வேண்டும். இல்லாவிட்டால் "வரட்சியால் குறைந்தது" என்பார்கள். ஓ.எல். படிக்கும் பிள்ளைகளிடம் இந்தக் கொப்பியைக் கொடுங்கள், நம்மைவிட ஒழுங்காகச் செய்வார்கள்.

தண்ணீரைப் பற்றிக் கடிதம் எழுதும்போது நம் லயத்தோடு நிறுத்தாதீர்கள். பொகவந்தலாவையில் கலங்கும் கெசல்கமு ஓயா காசல்ரீ நீர்த்தேக்கத்தில் விழுகிறது. அங்கே மண் நிரம்பினால் மின்சாரத்துக்கு நட்டம். அந்த ஆறு கீழே மஸ்கெலி ஓயாவோடு சேர்ந்து களனி கங்கையாகிறது, அம்பத்தலையில் கொழும்புக்குக் குடிநீராகிறது. இதை எழுதினால் மின்சாரத் துறைக்கும் நீர் வழங்கல் சபைக்கும் கடிதத்தின் பிரதி போட நமக்கு நியாயம் கிடைக்கிறது.

இனிப் பத்திரங்கள். 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டப்படி சுரங்க அனுமதி தருவது புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகம். சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் மத்திய சுற்றாடல் அதிகார சபை சம்பந்தப்பட்டது. வெடிமருந்து அனுமதி தனி, பிரதேச சபையின் வியாபார அனுமதி தனி. பெரிய அகழ்வு என்றால், அதாவது மொத்தம் 10 ஹெக்டேயரைத் தாண்டினால், சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு நடைமுறைக்குள் வரும். முழு மதிப்பீட்டு அறிக்கை தயாரானால் பொதுமக்கள் கருத்துச் சொல்ல 30 வேலை நாட்கள் உண்டு. அந்த நாட்கள் கழிந்தபின் போராடுவதைவிட அதற்குள் ஒரு பக்கம் எழுதிக் கொடுப்பது எவ்வளவோ மேல்.

இந்தப் பத்திரங்களைக் காட்டச் சொல்லி குவாரி வாசலில் சண்டை போட வேண்டியதில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. தமிழிலேயே எழுதலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னாலும் தகவல் அதிகாரி எழுதிக்கொள்ள வேண்டும். கொடுப்பதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு, அதற்கும் மேலே ஆணைக்குழு. "குவாரி பற்றிய விபரம்" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். அனுமதியின் பிரதி, காலாவதித் தேதி, நிபந்தனைகள், வெடி வைக்கும் நேரம், கடைசியாக அதிர்வு அளந்த அறிக்கை என்று தனித்தனியாகக் கேளுங்கள். முக்கியமானது நிபந்தனைப் பக்கம். முதல் பக்கத்தை மட்டும் தந்தால் விடாதீர்கள்.

"அயலவர் சம்மதம்" என்று ஒரு தாள் இருந்தால் அதையும் கேளுங்கள். தோட்டக் காணிகள் அரசுடையவை, 1992க்குப் பிறகு தோட்டக் கம்பனிகளுக்குக் குத்தகைக்கு விடப்பட்டவை. லயத்தில் நாலு தலைமுறையாக இருந்தாலும் பெரும்பாலான குடும்பங்களுக்குக் காணி உறுதிப் பத்திரம் கிடையாது. காணிக்காரர் சம்மதம் என்றால் தோட்டக் கம்பனியின் கையெழுத்தோடு வேலை முடிந்துவிடலாம், பீலித் தண்ணீர் குடிப்பவரின் பெயர் எங்கும் வராமலே போகலாம். இது பெரிய அநியாயம். அதனால் குடியிருக்கும் குடும்பங்களின் பெயர்ப் பட்டியலைக் கோப்பில் சேர்க்கும்படி எழுத்தில் கேளுங்கள். காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் வெறும் தாளில் கையெழுத்துக் கேட்டால் போடவே வேண்டாம்.

சரிவைப் பற்றித் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் கருத்து வாங்கப்பட்டதா என்று கேளுங்கள். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் மழை என்றால் விழிப்பு, 100 என்றால் தயார், 150 என்றால் வெளியேறு என்பது அவர்கள் சொல்லும் அளவு. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் புதைந்தன. அது குவாரியால் நடந்ததல்ல. ஆனால் அந்த இடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை அதற்குப் பல வருடங்களுக்கு முன்பே கொடுக்கப்பட்டிருந்தது. மண் நிற்கிறதா என்று தெரியாத சரிவில் வெடி வைக்க யாருக்கும் உரிமையில்லை என்பது என் உறுதியான கருத்து. புதிதாக ஊற்று கிளம்பினாலும், ஓடிய ஊற்று திடீரென்று கலங்கினாலும், மரம் சாய்ந்தாலும் உடனே அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழையுங்கள்.

குவாரியில் வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. கல் தூசி நுரையீரலைக் கெடுக்கும், கெட்டால் திரும்பாது. தண்ணீர் விட்டுத் துளைக்கிறார்களா, ஈ.பி.எஃப். என்ற ஊழியர் சேமலாப நிதி கட்டுகிறார்களா என்று பாருங்கள்.

கல்லை வாங்கும் கம்பனி பங்குச் சந்தையில் இருந்தால் அதன் வருடாந்த அறிக்கை இணையத்தில் கிடைக்கும். கல் எங்கிருந்து வருகிறது, முறைப்பாடு எத்தனை வந்தது, எப்படித் தீர்ந்தது என்று தேடுங்கள். "முறைப்பாடு எதுவுமில்லை" என்று இருந்தால், நீங்கள் அனுப்பிய பதிவுத் தபால் ரசீதின் பிரதியோடு அந்தக் கம்பனிச் செயலாளருக்கு எழுதுங்கள். சான்றிதழ் இருக்கிறது என்ற பதிலோடு அடங்கிவிடாதீர்கள். பிரேசிலில் புருமாதின்யோ சுரங்கத்தின் கழிவு அணை 2019 ஜனவரியில் உடைந்து 270 பேர் இறந்தார்கள். உறுதியானது என்று அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் சான்று கொடுத்திருந்தார்கள்.

கடைசியாக, வேலை முடிந்த பின் என்ன? மாணிக்கக்கல் அகழ்வென்றால் அனுமதி தருவது தேசிய இரத்தினக்கல், ஆபரண அதிகார சபை. குழியை மூடுவதற்காக அனுமதிக்காரரிடம் வைப்புப் பணம் வாங்குவார்கள். மண் தோண்டும் பெக்கோ இயந்திரம் போன பின்னும் குழி திறந்து கிடந்தால் படம் எடுத்து, அனுமதி இலக்கத்தைக் குறிப்பிட்டு, அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுக்காதீர்கள் என்று எழுதுங்கள். கல்குவாரிக்கும் இதேபோல் மறுசீரமைப்புத் திட்டம் என்ன, வேலி போடுவது யார், தண்ணீர் தேங்கும் பள்ளத்துக்குப் பொறுப்பு யார் என்று தொடக்கத்திலேயே தகவல் கோரிக்கையில் சேர்த்துக் கேளுங்கள்.