இருபது வருட விசுவாசி மறுபடி மாணவராக: 28 நாள் பயிற்சி

ஞானஸ்நானம் எடுத்துப் பத்து, இருபது வருடம் ஆனவர்கள் மறுபடி தாழ்மையோடு கற்பதற்கான பயிற்சி இது. புது விசுவாசிக்குத் தாழ்மை அவ்வளவு கடினமல்ல. தனக்குத் தெரியாது என்பது அவருக்கே தெரியும். போதகர் வசனத்தின் முதல் வார்த்தையைச் சொன்னதுமே மீதியை மனதுக்குள் முடித்துவிடுகிறவருக்குத்தான் சிக்கல். பிரசங்கம் கேட்கையில் "இது இன்னாருக்காகவே சொன்னது" என்று வேறொருவர் முகம் நினைவுக்கு வருகிறதா? அப்படியானால் பயிற்சியைத் தொடங்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

பிலிப்பி சபைக்கான கடிதமான பிலிப்பியர் நிருபத்தைப் பவுல் சிறைக் கட்டுகளில் இருந்தபடி எழுதினார். தமஸ்கு வழியில் ஆண்டவரைச் சந்தித்து அதற்குள் சுமார் 25 வருடங்கள் ஓடியிருந்தன. அப்போதும் அவர், "நான் அடைந்தாயிற்று, அல்லது முற்றும் தேறினவனானேன் என்று எண்ணாமல்" தொடருகிறேன் என்கிறார் (3:12). அதனால் இந்த நிருபத்தையே பாடமாக எடுத்திருக்கிறோம். நான்கே அதிகாரம். நாளுக்கு ஒன்று வீதம் ஏழு சுற்று, 28 நாள்.

தேவையானவை வேதாகமம், 40 பக்க நோட்டு, பென்சில், தினமும் 15 நிமிடம். ஓசூரில் ஷிப்ட் வேலை பார்ப்பவர்கள் விடியற்காலையில்தான் வாசிக்க வேண்டும் என்று தங்களை வருத்திக்கொள்ள வேண்டாம். கிருஷ்ணகிரியிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் கம்பெனி பஸ்ஸில் போகிறவருக்கு அந்த இருக்கையே போதும்.

முதல் வாரம் வாசிப்பு மட்டும். உங்கள் காதுக்குக் கேட்கும்படி மெதுவாக வாசியுங்கள்; குறிப்பு எதுவும் எழுதாதீர்கள். பழக்கப்பட்டவர்களுக்கு இந்த வாரம்தான் கஷ்டம், கை பிரசங்கக் குறிப்பு எழுதப் பரபரக்கும். இரண்டாம் வாரத்தில் ஒவ்வொரு நாளும் புரியாத ஒரு வரியை எழுதுங்கள். "எல்லாம் புரிகிறது" என்று தோன்றினால் 2:12, 13 வசனங்களை அடுத்தடுத்து வாசித்துப் பாருங்கள். இரட்சிப்பு நிறைவேற நாம் பிரயாசப்பட வேண்டும் என்கிறது ஒன்று. நமக்குள் செய்கையை உண்டாக்குகிறவர் தேவனே என்கிறது மற்றது. இரண்டும் எப்படிப் பொருந்தும் என்ற கேள்வியோடு சில நாள் இருங்கள். விடைக்காக உடனே யூடியூப் பக்கம் போக வேண்டாம். மூன்றாம் வாரம், நீங்கள் கைக்கொள்ளாத ஒரு வசனத்தையும் அன்று இரவுக்குள் செய்யக்கூடிய ஒரு செயலையும் எழுதுங்கள். "இனி பொறுமையாக இருப்பேன்" என்பது செயல் ஆகாது. "மருமகள் பேசி முடிக்கும்வரை குறுக்கிட மாட்டேன்" என்பது செயல்.

நான்காம் வாரம் இன்னொருவரோடு சேர்ந்து வாசிப்பு. உங்களைவிடக் குறைவாகப் படித்தவராகவோ வயதில் இளையவராகவோ இருந்தால் மிகவும் நல்லது. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் தெலுங்கிலோ கன்னடத்திலோ வேதம் வாசிக்கிற பக்கத்து வீட்டார் கிடைப்பார்கள். அதே வசனத்தை அவர்கள் மொழியில் வாசிக்கச் சொல்லி அர்த்தம் கேளுங்கள். ஆதி சபையின் போதகரான அப்பொல்லோவும் இப்படித்தான் கற்றார். அவர் வேதாகமங்களில் வல்லவர், பேச்சில் கெட்டிக்காரர். அவருக்குத் தேவனுடைய மார்க்கத்தை "அதிக திட்டமாய்" விவரித்தவர்கள் கூடாரம் பண்ணிப் பிழைத்த ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் (அப். 18:26). ஜெப ஆலயத்தில் எல்லார் முன்னும் திருத்தாமல், அவரைத் தங்களோடு சேர்த்துக்கொண்டுதான் சொன்னார்கள் என்பதையும் கவனியுங்கள்.

ஒரு நாள் தவறினால் மறுநாள் இரண்டு அதிகாரம் வாசித்துக் கணக்கைச் சரிசெய்ய வேண்டாம். விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். 28 நாள் 35 ஆனாலும் நஷ்டமில்லை. வாசித்த வசனத்தை அன்றே ஸ்டேட்டஸில் போடும் பழக்கத்தையும் இந்த நாட்களில் நிறுத்திவையுங்கள். வசனம் நம்மைத் தொடுமுன் அடுத்தவருக்கு அனுப்பிவிடுகிறோம்.

மூன்றாம் வாரத்தில் ஒருமுறை, உங்களை நன்கு அறிந்த ஒருவரிடம், "நான் சபையிலோ வீட்டிலோ நடந்துகொள்கிற விதத்தில் எது உங்களுக்குப் பாரமாக இருக்கிறது?" என்று கேளுங்கள். உங்களிடம் சம்பளம் வாங்குகிறவரையோ உங்கள் தயவில் இருப்பவரையோ கேட்டால் "ஒன்றுமில்லை அண்ணா" என்பதே பதிலாக வரும். வாழ்க்கைத் துணையையோ சபையில் மூத்தவரையோ கேளுங்கள். பதில் வந்ததும் "நன்றி" என்று மட்டும் சொல்லுங்கள். விளக்கம், காரணம், "நீங்களும்தான்" எதுவும் கூடாது. சொன்னதை அவர்கள் வார்த்தையிலேயே எழுதிவைத்து, ஒரு நாள் முழுக்கக் கழித்து அதை ஜெபத்தில் வையுங்கள். அப்போதே பதில் பேசிவிட்டால் அடுத்த முறை அவர்கள் வாய் திறக்க மாட்டார்கள்.

பிலிப்பி சபைப் பெண்களான எயோதியாளும் சிந்திகேயாளும் (பிலி. 4:2, 3) சுவிசேஷத்துக்காகப் பவுலோடு பிரயாசப்பட்டவர்கள். அப்படிப்பட்டவர்களுக்கே ஒருமனம் குலைந்தது. நம் சபைகளிலும் கமிட்டித் தேர்தல், பாடகர் குழு, கல்லறை இடம் என்று மூத்தவர்களிடையேதான் மனஸ்தாபம் வருடக்கணக்கில் நிற்கிறது. மன்னிப்புக் கேட்க நேரில் போங்கள், வாட்ஸ்அப் வேண்டாம். செய்த தவற்றைப் பெயர் சொல்லி ஒப்புக்கொள்ளுங்கள். "ஆனால்" என்ற சொல் வந்தவுடனே அது வழக்காகிவிடும். அவர் ஏற்காவிட்டால் வாதாடாமல் வணங்கி வந்துவிடுங்கள்.

"நான் ஒன்றுக்கும் உதவாதவன்" என்று சாட்சியில் திரும்பத் திரும்பச் சொல்வதைத் தாழ்மை என்று நினைக்க வேண்டாம். கேட்பவர்கள் மறுத்துப் புகழ வேண்டும் என்ற எதிர்பார்ப்பு அதில் ஒளிந்திருக்கலாம். பாராட்டினால் நன்றி சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள். இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அடி வாங்கிக்கொண்டு வீட்டில் இருப்பதைத் தாழ்மை என்று எந்தச் சகோதரிக்கும் போதிக்காதீர்கள். அவருக்கு வேண்டியது பாதுகாப்பு.

போச்சம்பள்ளி, பர்கூர்ப் பக்கம் மாந்தோப்பு வைத்திருப்பவர்களுக்கு யோவான் 15:2 எளிதில் விளங்கும். அறுவடை முடிந்ததும் கவாத்து செய்து, உள்ளே குறுக்கே வளர்ந்த கிளைகளை எடுத்துவிட்டால்தான் நடுமரத்துக்கு வெயில் இறங்கும். ஆண்டவர் சுத்தம்பண்ணுவதாகச் சொல்வதும் கனி கொடுக்கிற கொடியைத்தான். ஆகவே திருத்தம் வருகிறபோது, "இத்தனை வருடம் ஊழியம் செய்த எனக்கா?" என்று திகைக்கத் தேவையில்லை.

விசுவாசத்தின் அடிப்படைகளைக் கேள்வி பதிலாகச் சொல்லித்தரும் ஞானோபதேசம் சிறுபிள்ளைகளுக்கு என்று ஒதுக்கியவர்கள் அதையும் மறுபடி எடுக்கலாம். 1895-ல் கிருஷ்ணகிரியில் மிசூரி லுத்தரன் மிஷன் தொடங்கிய பணியின் வழிவந்த குடும்பங்களில் லுத்தர் எழுதிய சிறிய ஞானோபதேசம் இன்னும் இருக்கும். வேத பண்டிதரான மார்ட்டின் லுத்தரே பத்துக் கட்டளைகளையும் விசுவாசப் பிரமாணத்தையும் கர்த்தருடைய ஜெபத்தையும் தினமும் குழந்தையைப் போலச் சொல்லி, அதன் மாணவராகவே இருக்க விரும்புவதாக எழுதினார். கத்தோலிக்கர்கள், ஒப்புரவு அருட்சாதனத்துக்கு முன் செய்யும் ஆன்ம சோதனையை இந்த நாட்களில் இரவுதோறும் ஐந்து நிமிடம் செய்யலாம்.

28 நாள் முடிந்ததும் நோட்டில் முதல் புரியாத வரியைப் பாருங்கள். இன்னும் புரியவில்லையென்றால் ஞாயிறு ஆராதனைக்குப் பின் போதகரிடமோ பங்குத்தந்தையிடமோ அதைக் கேளுங்கள். அடுத்து யாக்கோபு எடுக்கலாம்: ஐந்து அதிகாரம், ஏழு சுற்று, 35 நாள். அதே நோட்டில் பக்கம் மீதி இருக்கும்.