ஸ்ட்ரிங்குக்குப் புது மெத்தட் சேர்ப்பது எப்படி?

சி ஷார்ப் என்ற புரோகிராமிங் மொழியில், எழுத்துத் தொடர்களுக்கான ஸ்ட்ரிங் கிளாஸைத் திறந்து திருத்த முடியாது. அது சீல்டு, அதாவது மூடப்பட்டது என்பதால் அதிலிருந்து இன்ஹெரிட் செய்து புதுக் கிளாஸ் உருவாக்கவும் வழியில்லை. 2007-இல் வந்த 3.0 பதிப்பிலிருந்து இதற்கு எக்ஸ்டென்ஷன் மெத்தட் இருக்கிறது: மெத்தடை வெளியே எழுதிவிட்டு, அந்தக் கிளாஸின் சொந்த மெத்தட் போலவே அழைக்கலாம்.

நான் எழுதும் பில்லிங் புரோகிராமில் கணக்கு எண்ணின் கடைசி 4 இலக்கங்களை மட்டும் காட்ட வேண்டும். அதற்கு ஒரு ஸ்டேட்டிக் கிளாஸ் (ஆப்ஜெக்ட் உருவாக்காமலே பயன்படுத்துவது), அதனுள் 'மறை' என்று ஒரு ஸ்டேட்டிக் மெத்தட். முதல் பாராமீட்டரின் டைப்புக்கு முன்னால் 'திஸ்' (this) என்ற சொல்லைப் போடுங்கள். சூட்சுமம் முழுக்க அங்கேதான். அப்புறம் எந்த ஸ்ட்ரிங் வேரியபிளுக்குப் பின் புள்ளி வைத்தாலும் எடிட்டர் காட்டும் மெத்தட் பட்டியலில் 'மறை' வந்து நிற்கும். வரவில்லையா? அந்த ஸ்டேட்டிக் கிளாஸ் இருக்கும் நேம்ஸ்பேஸை (கிளாஸ்களைத் தொகுத்து வைக்கும் பெயரை) ஃபைலின் மேலே யூசிங் வரியில் சேர்த்தீர்களா என்று பாருங்கள்.

உண்மையில் ஸ்ட்ரிங் மாறவே இல்லை. கம்பைலர் இதைச் சாதாரண ஸ்டேட்டிக் மெத்தட் அழைப்பாக மாற்றிவிடுகிறது. அதனால் ஸ்ட்ரிங் கிளாஸ் தனக்குள் மட்டும் வைத்திருக்கும் பிரைவேட் ஃபீல்டுகளைத் தொட முடியாது. வேரியபிளில் 'நல்' (null, மதிப்பே இல்லாத நிலை) இருந்தாலும் மெத்தட் ஓடத் தொடங்கிவிடும். முதல் வரியிலேயே அதைச் சோதித்துவிடுங்கள். அதே பெயரும் பாராமீட்டர்களும் கொண்ட மெத்தட் கிளாஸிலேயே இருந்தால் அதுதான் ஓடும், உங்களுடையது சத்தமில்லாமல் ஒதுக்கப்படும். எனவே ரொம்பப் பொதுவான பெயர் வேண்டாம்.

கிளாஸ் உங்களுடையது என்றால் இந்தச் சுற்றுவழியே தேவையில்லை, மெத்தடை நேராக அதிலேயே எழுதுங்கள்.