போர்டில் அண்டர்டேக் எழுதும் முன்

கும்பகோணத்தில் முப்பது வருஷமாக போர்டு எழுதுகிறேன். முன்னே பிரஷ்ஷும் எனாமல் பெயிண்டும், இப்போது ஃபிளெக்ஸ். என் ஆங்கிலமெல்லாம் போர்டு எழுதிப் பழகியதுதான். அதில் என்னைக் கைக்காசு போட வைத்த வார்த்தை ஒன்று உண்டு: அண்டர்டேக். ஒரு வேலையை ஏற்றுச் செய்வது என்று பொருள்.

2016 மகாமகத்துக்கு முன்னால், கல்யாண சமையல்காரர் ஒருவர் ஆறடிக்கு நாலடி போர்டு கேட்டார். "இங்கிலீஷ்ல ஒரு வரி இருக்கட்டும் தம்பி, பாக்கறவன் மதிக்கணும்ல." அண்டர்டேக் செய்கிறவர் அண்டர்டேக்கர்தானே? 'மேரேஜ் அண்டர்டேக்கர்' என்று சிவப்பில் கொட்டை எழுத்தில் போட்டுக் கொடுத்தேன். சிங்கப்பூரிலிருந்து வந்த அவர் மருமகன் அதைப் பார்த்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சிரித்தாராம். இறுதிச் சடங்குக்கு ஏற்பாடு செய்து தருபவருக்குத்தான் அந்தப் பெயர். ஒரு காலத்தில் எந்த வேலையை ஏற்றுச் செய்தாலும் அண்டர்டேக்கர்தானாம்; போகப் போக சாவு வீட்டோடு நின்றுவிட்டது. புதுப் போர்டு என் செலவு.

அதனால் போர்டில் ஆளைச் சொல்லாதீர்கள், வேலையைச் சொல்லுங்கள். 'கேட்டரிங் ஆர்டர்ஸ் அண்டர்டேக்கன்' என்றால் ஆர்டர்கள் ஏற்கப்படும் என்று பொருள். டேக், டுக், டேக்கன் மாதிரியே அண்டர்டேக், அண்டர்டுக், அண்டர்டேக்கன். 'அண்டர்டேக்டு' என்று ஒன்று கிடையவே கிடையாது. ஆனாலும் மாதம் இரண்டு பேராவது அப்படி எழுதிக்கொண்டு வருகிறார்கள்.

எங்கே பொருந்தும் என்று பார்க்க நான் வைத்திருக்கும் வழி: தமிழில் 'மேற்கொள்' என்று சொல்வோமா? பயணம் மேற்கொள்வோம், ஆய்வு மேற்கொள்வோம். ஜூன் 12 மேட்டூர் திறப்புக்கு முன்னால் ஆறு, வாய்க்காலில் தூர்வாரும் பணி மேற்கொள்வார்கள். இதெல்லாம் அண்டர்டேக்தான். நாம் மேலே போட்டுக்கொள்வதை அவர்கள் கீழே கைகொடுத்துத் தாங்குகிறார்கள் போல. கடைக்குப் போய் டீ வாங்கி வருவதை மேற்கொண்டேன் என்போமா? அதற்கு இந்த வார்த்தை வேண்டாம்.

அப்புறம், பலர் கவனிக்காத இன்னொரு பொருள்: வாக்குக் கொடுப்பது. பின்னால் 'டு' போட்டு வெறும் வினைச்சொல் எழுத வேண்டும். 'ஐ அண்டர்டேக் டு பே', பணம் கட்டுகிறேன் என்று உறுதி சொல்கிறேன். 'டு பேயிங்' தப்பு. யுஜிசியின் 2009 விதிப்படி கல்லூரியில் சேரும் பிள்ளையும் பெற்றோரும் ராகிங் விஷயமாகக் கையெழுத்துப் போடுகிற உறுதிமொழியும் அண்டர்டேக்கிங்தான். அரசு வங்கி போர்டில் பார்க்கிற 'கவர்ன்மென்ட் ஆஃப் இந்தியா அண்டர்டேக்கிங்' வேறு. அங்கே நிறுவனம் என்று பொருள்.

வாக்கு என்பதால் கொட்டேஷனில் எழுதும்போது யோசித்து எழுதுங்கள். 'வி அண்டர்டேக் டு டெலிவர் இன் டூ டேஸ்' என்று கொடுத்துவிட்டால், கரண்ட் போச்சு, மெஷின் நின்றுபோச்சு என்று சொல்ல முடியாது. பார்ட்டி தாளை நீட்டுவார். செய்யப் பார்க்கிறேன் என்கிற அளவுக்குத்தான் என்றால் 'வி வில் ட்ரை டு' போதும். நான் இரண்டு நாள் வேலைக்கு 'அண்டர்டேக் டு டெலிவர் இன் ஃபோர் டேஸ்' என்றுதான் எழுதுகிறேன். ஆடி மாதம் மட்டும் ஆறு.