பாமிரில் மார்க்கோ போலோ ஆட்டு வேட்டை: முதல் முறை போகிறவர்களுக்கு

தாஜிகிஸ்தானின் பாமிர் மலையில், முர்காப் ஊர்ப் பக்கத்தில் ஒரு பள்ளத்தாக்கு. முதல் நாள் காலை, எதிர்ச் சரிவை ஒரு மணி நேரம் பைனாகுலரில் துழாவிவிட்டு "ஒன்றும் இல்லை" என்றேன். பக்கத்தில் குந்தியிருந்த கிர்கிஸ் வழிகாட்டி பதில் சொல்லாமல் என் ஸ்பாட்டிங் ஸ்கோப்பை (தூரத்தைப் பெரிதாகக் காட்டும் ஒற்றைக் குழல் தொலைநோக்கி) இரண்டு விரல்கடை இடப்பக்கம் திருப்பினார். சாம்பல் நிறக் கற்கள். மறுபடி பார்த்தேன். ஒரு கல் காதை அசைத்தது. பதினோரு கடாக்கள் படுத்திருந்தன.

இந்த வேட்டையில் சுடுவது கடைசி இரண்டு நிமிட வேலை. அதற்கு முந்தைய பத்து நாளும் பார்வைக்கும் மூச்சுக்கும் பொறுமைக்கும்தான். அதனால் துப்பாக்கியைப் பற்றி இங்கே குறைவாகவும், பார்ப்பதைப் பற்றி அதிகமாகவும் எழுதுகிறேன்.

நான் இருப்பது கனடாவில், ஆல்பர்ட்டாவில். ராக்கி மலையில் பிக்ஹார்ன் என்ற காட்டுச் செம்மறிக் கடாவுக்குப் போய்ப் பழகியவன். வெளிநாட்டில் இருந்து, துப்பாக்கி உரிமமும் கொஞ்சம் வேட்டைப் பழக்கமும் உள்ளவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இது குற்றம். லடாக்கில் இருக்கும் ஆர்கலியும் அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள விலங்கு. அங்கே கேமராவோடு போங்கள்.

எந்த ஆடு இது?

ஆசியாவின் பெரிய காட்டுச் செம்மறிகளுக்கு ஆர்கலி என்று பெயர். (நம் பழந்தமிழில் ஆர்கலி என்றால் கடல். கடலிலிருந்து இவ்வளவு தூரத்தில் மேயும் ஓர் ஆட்டின் பெயரில் அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தோஷம்.) அவற்றில் பாமிர் மலையில் வாழ்வதுதான் மார்க்கோ போலோ ஆடு. 13ஆம் நூற்றாண்டில் இந்த வழியாகப் போன மார்க்கோ போலோ, இடையர்கள் இதன் கொம்பில் கிண்ணம் செய்வதையும் பட்டிக்கு வேலி கட்டுவதையும் எழுதி வைத்தார். உலகத்துச் செம்மறிகளில் மிக நீளமான கொம்பு இதற்குத்தான். வளைவோடு சேர்த்து அளந்தால் பெரிய கடாவுக்கு ஒன்றரை மீட்டர் தாண்டும். கிர்கிஸ் மொழியில் கடாவைக் குல்ஜா என்றும் பெட்டையை அர்கார் என்றும் சொல்வார்கள். இந்த இரண்டு சொல்லும் தெரிந்தால் வழிகாட்டியோடு பாதிப் பேச்சு முடிந்தது.

வரையாடு பார்த்த கண்ணோடு போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வரையாடு பயந்தால் பாறைச் செங்குத்தில் ஏறிக்கொள்ளும். ஆர்கலிக்குக் கால் நீளம். திறந்த மேட்டு நிலத்தில் நின்று, எதிரியைத் தூரத்திலேயே பார்த்து, ஓடித் தப்பிக்கும். அதனால் பாறை இடுக்குகளைவிட, உருண்ட மேடுகளையும் அகன்ற சரிவுகளையும் முதலில் தேடுங்கள்.

முதல் படி: அனுமதி

தாஜிகிஸ்தானில் இந்த ஆடு சிவப்புப் புத்தகத்தில், அதாவது அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களின் பட்டியலில் உள்ள விலங்கு. அரசு ஆண்டுதோறும் ஒதுக்கும் உரிமம் இல்லாமல் தொடக்கூட முடியாது. அந்த உரிமம் வேட்டைப் பகுதியைக் குத்தகைக்கு எடுத்தவர்கள் வழியாகவோ, கிராமத்தவர் நடத்தும் காப்பு அமைப்புகள் வழியாகவோதான் வரும். செலவு பல பத்தாயிரம் டாலர். பணம் கட்டும் முன் அவர்களிடம் மூன்று கேள்வி கேளுங்கள். இந்த வருடத்து உரிமம் கையில் இருக்கிறதா? வேட்டை இல்லாத மாதங்களில் காவலுக்கு எத்தனை பேர்? பணத்தில் எவ்வளவு ஊருக்குப் போகிறது? மூன்றாவது கேள்விக்கு மழுப்பினால் வேறு இடம் பாருங்கள்.

அந்தக் கேள்விக்குக் காரணம் இருக்கிறது. சோவியத் ஒன்றியம் உடைந்து, 1992 முதல் 1997 வரை உள்நாட்டுப் போர் நடந்தபோது, கிழக்குப் பாமிருக்கு வந்துகொண்டிருந்த உணவும் எரிபொருளும் நின்றுபோயின. பசிக்கு ஆட்டை அடித்தார்கள், அடுப்புக்கு டெரெஸ்கன் என்ற புதரை வேரோடு பிடுங்கினார்கள். குளிர்காலத்தில் ஆடு மேய்வதும் அந்தப் புதரைத்தான். ஆடு உயிரோடு நிற்பதால் ஊருக்கு வருமானம் என்றால்தான் காவல் நிற்கும்.

கையோடு சேகரிக்க வேண்டிய தாள்கள்: உங்கள் நாட்டவருக்குத் தேவை என்றால் விசா, கோர்னோ-படாக்‌ஷான் என்ற, பாமிர் அடங்கிய பகுதிக்கான தனி அனுமதி, துப்பாக்கியைக் கொண்டுவரும் அனுமதி. விமானம் மாறும் நாட்டிலும் துப்பாக்கிக்கு அனுமதி தேவையா என்று முன்பே பாருங்கள். தோட்டா ஒருவருக்கு 5 கிலோவுக்கு மேல் எடுக்க முடியாது, அவ்வளவு தேவைப்படவும் தேவைப்படாது. கொம்பை வீட்டுக்குக் கொண்டுபோக சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் வணிகம் பற்றிய பன்னாட்டு ஒப்பந்தம்) ஏற்றுமதிச் சான்று கட்டாயம். அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு அந்நாட்டின் இறக்குமதி அனுமதியும் தனியாக வேண்டும். அப்புறம், "போகிற வழியில் ஊருக்கும் போய்விட்டுப் போகலாம்" என்று திட்டம் போடாதீர்கள். துப்பாக்கியை விடுங்கள், கார்மின் இன்ரீச் போன்ற செயற்கைக்கோள் கருவியை அனுமதி இல்லாமல் இந்தியாவுக்குள் கொண்டுவந்தாலே பிடித்துவிடுவார்கள்.

இரண்டாம் படி: உடம்பு

புறப்பட நான்கு மாதம் இருக்கும்போதே தொடங்குங்கள். 15 கிலோ பையை முதுகில் மாட்டி, வாரம் மூன்று நாள் படி ஏறி இறங்குங்கள். ஏற்றத்தைவிட இறக்கத்தை அதிகம் பழகுங்கள், முழங்கால் போவது இறக்கத்தில்தான். வேட்டைக்குப் போடும் பூட்ஸையே பயிற்சிக்கும் போடுங்கள்.

உயரம் வேறு சங்கதி. அதற்குப் பயிற்சி உதவாது, நாள்கள்தான் உதவும். 4,000 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் 60 சதவீதம். தலைநகர் துஷான்பேயிலிருந்து காரில் போகிறவர்கள் சுமார் 2,100 மீட்டரில் இருக்கும் கோரோக்கில் இரண்டு இரவு தங்குங்கள். அதற்கு மேல் 4,200 மீட்டருக்கும் உயரமான கோய்-தெசெக் கணவாய் வரும். கிர்கிஸ் மொழியில் அந்தப் பெயருக்கு ஆட்டுப் புழுக்கை என்று பொருள். அதைக் கடந்து அலிச்சூர், முர்காப் பக்கம் இறங்கினாலும் 3,600 மீட்டருக்குக் கீழே போக இடமே இல்லை. முகாமுக்கு வந்ததும் முதல் இரண்டு நாள் மலை ஏறாதீர்கள். சும்மா உட்கார்ந்து பைனாகுலரில் பாருங்கள். இது வீண் நாள் இல்லை, கண்ணுக்குப் பயிற்சி.

உயரத்தால் வரும் நோய்க்கான அசிட்டசோலமைடு மாத்திரை பற்றி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள், சல்ஃபா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமை இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். தலைவலி, பசியின்மை பலருக்கும் வரும். ஆனால் சும்மா இருக்கும்போதே மூச்சு இரைப்பது, சளியோடு இருமல், நேர்க்கோட்டில் குதிகாலும் விரலும் ஒட்ட நடக்கச் சொன்னால் தள்ளாடுவது, இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே, இரவானாலும், கீழே இறங்க வேண்டும்.

மூன்றாம் படி: துப்பாக்கியும் குளிரும்

.300 வின்செஸ்டர் மேக்னம், 7 மி.மீ. ரெமிங்டன் மேக்னம் என்ற இரண்டு தோட்டா வகையும் இந்த வேலைக்குப் போதும். முகாமுக்கு வந்ததும் முதல் வேலை, குறி சரிபார்ப்பது. என் ரைபிள் விமானத்தில் அடிபட்டு வந்திருந்தது. பெட்டியில் கீறல்கூட இல்லை. ஆனால் 100 மீட்டரில் தோட்டா ஒரு சாண் வலப்பக்கம் போனது. சரிபார்க்காமல் மலை ஏறியிருந்தால் ஓர் ஆட்டைக் காயப்படுத்தியிருப்பேன். காற்று மெலிந்த இடத்தில் தோட்டா கீழே விழுவதும் குறையும், அதனால் வீட்டில் எழுதிய அட்டவணை இங்கே செல்லாது.

இன்னொன்று, சரிவில் சுடும்போது கிடைமட்டத் தூரம்தான் கணக்கு. 30 டிகிரி சரிவில் 400 மீட்டர் என்று கருவி காட்டினால், 346 மீட்டருக்கு உரிய குறிதான் வைக்க வேண்டும். மேல் நோக்கிச் சுட்டாலும் கீழ் நோக்கிச் சுட்டாலும் இதே கணக்குதான். வீட்டில் 300 மீட்டரில் படுத்துச் சுட்டுத் தட்டு அளவு வட்டத்துக்குள் எல்லாத் தோட்டாவும் விழவில்லை என்றால், இங்கே 300 மீட்டரில் சுடாதீர்கள். இன்னும் நெருங்குங்கள்.

நவம்பர், டிசம்பரில் இரவில் மைனஸ் 25 டிகிரி சாதாரணம். போல்ட்டில் (தோட்டாவை ஏற்றி இறக்கும் பகுதி) இருக்கும் எண்ணெய் கெட்டியாகிவிடும், துடைத்து எடுத்துவிடுங்கள். இரவில் துப்பாக்கியை அடுப்பு எரியும் அறைக்குள் கொண்டுவராதீர்கள். உள்ளே வந்ததும் வியர்க்கும், காலையில் வெளியே எடுத்ததும் அந்த ஈரம் உறையும். தோட்டாவைக் கழற்றிவிட்டு, பூட்டிய குளிர்ந்த அறையில் வையுங்கள். பேட்டரிகளை மட்டும் சட்டைக்குள் வைத்துத் தூங்குங்கள்.

நான்காம் படி: பார்ப்பது

விடியும் முன்னே உட்கார வேண்டும். 10 மடங்கு பைனாகுலரை ட்ரைபாடில் மாட்டுங்கள். கையில் பிடித்தால் நடுக்கத்தில் ஆடு கல்லாகிவிடும், கல் ஆடாகிவிடும். சரிவை வரப்பு வரப்பாகப் பிரித்து, ஒவ்வொரு வரப்பையும் இடமிருந்து வலம் நகர்த்துங்கள். முழு ஆட்டைத் தேடாதீர்கள். வெள்ளைப் பின்புறம், கழுத்தில் குளிர்கால வெள்ளைப் பிடரி, கொம்பின் வளைவு, பனியில் ஒரு தடம், இப்படித் துண்டைத் தேடுங்கள். ஒரு சரிவை முடித்ததும் மறுபடி முதலில் இருந்து வாருங்கள். அரை மணியில் படுத்தது எழும், எழுந்தது திரும்பும்.

கடா கிடைத்ததும் ஸ்பாட்டிங் ஸ்கோப்பில் வயதைப் பாருங்கள். ஒவ்வொரு குளிர்காலத்திலும் கொம்பு வளர்வது நின்று, அந்த இடத்தில் ஓர் ஆழமான வளையம் விழும். முனைப் பக்கம் வளையங்களுக்கு நடுவே இடைவெளி அதிகம், இளமையில் வளர்ந்தது. அடிப்பக்கம் நெருங்கி நெருங்கி வரும். அடியில் மூன்று நான்கு வளையம் ஒட்டிக்கொண்டு தெரிந்தால் முதிர்ந்த கடா. எட்டு வயதுக்குக் குறைந்ததை எடுக்காதீர்கள் என்பது என் கருத்து. நீளத்தைப் பார்த்து மயங்க வேண்டாம், ஆறு வயதுக் கடாவுக்கே சில சமயம் கொம்பு முழு வட்டம் சுற்றிவிடும்.

என் முதல் பயணத்தின் எட்டாம் நாள் மாலை, 280 மீட்டரில் ஒரு கடா பக்கவாட்டில் நின்றது. துப்பாக்கியின் பைபாடு (இரண்டு கால் தாங்கி) தரையில், காற்று சாதகம். வழிகாட்டி ஸ்கோப்பில் கண்ணை வைத்தபடி விரல் மடக்கி எண்ணினார். ஆறோடு நின்றார். "ஜாஷ்," என்றார். இளசு. நான் தோட்டாவை வெளியே எடுத்தேன். அந்தப் பயணத்தில் அதற்கப்புறம் சுடவே வாய்ப்பு வரவில்லை.

ஐந்தாம் படி: நெருங்குவது

காலையில் குளிர்ந்த காற்று சரிவில் கீழே இறங்கும், வெயில் ஏறியதும் மேலே ஏறும், பிற்பகலில் பலமாகச் சுழலும். ஆட்டின் மூக்குக்கு அது போதும். ஒரு சின்னப் புட்டியில் பவுடர் வைத்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தட்டிப் பாருங்கள். முடிந்தவரை மேலிருந்து வாருங்கள். ஆட்டின் கண் பெரும்பாலும் கீழேதான் இருக்கும். மேட்டின் மறுபக்கமாகச் சுற்றிப் போக மூன்று மணி நேரம் ஆனாலும் சுற்றியே போங்கள். 4,500 மீட்டரில் பத்து அடிக்கு ஒருமுறை நின்று மூச்சு விடுங்கள். மேட்டு விளிம்புக்கு வந்ததும் பத்து நிமிடம் படுத்து, நாடி அடங்கிய பிறகு தலையைத் தூக்குங்கள்.

கூட்டமாக நிற்கும்போது சுடாதீர்கள், பின்னால் இன்னொன்று நிற்கலாம். முன்னங்காலுக்குப் பின்னே, உடம்பின் கீழ் மூன்றில் ஒரு பங்கில் குறி. சுட்டதும் அடுத்த தோட்டாவை ஏற்றி, ஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் இருங்கள்.

ஆறாம் படி: இறைச்சியும் தாளும்

வழிகாட்டிகள் முஸ்லிம்கள். உயிர் இருக்கும்போதே பிஸ்மில்லா சொல்லி அறுக்க ஓடுவார்கள், துப்பாக்கியைப் பூட்டிவிட்டு வழி விடுங்கள். முழுக் கடா 100 கிலோவைத் தாண்டும். படம் எடுக்க ஐந்து நிமிடம் போதும், உடல் உறையும் முன் தோலை உரிக்க வேண்டும். தோலில் கை நிறைய உப்பைத் தேயுங்கள், காதின் உள்பக்கத்தை மறக்காதீர்கள். இறைச்சி முழுக்க ஊருக்கு. ஈரலை அன்றிரவே வெங்காயத்தோடு வதக்கி, உப்புப் போட்ட பால் தேநீரோடு உங்களுக்கும் தருவார்கள்.

மண்டையை வேகவைத்துச் சுத்தம் செய்ய முகாம்காரர்கள் உதவுவார்கள். கொம்பு அளந்த தாளிலும் உரிமத்திலும் உங்கள் பெயர், தேதி, இடம் ஒன்றாக இருக்கிறதா என்று முர்காப்பை விட்டுக் கிளம்பும் முன் ஒரு முறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் சைட்டிஸ் சான்று மாதக்கணக்கில் தள்ளிப்போகும்.