மலிவு சிக்னல் ஜெனரேட்டரைத் திறக்கும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலிவான சிக்னல் ஜெனரேட்டரை (சர்க்யூட்டைச் சோதிக்க அலைகளை உண்டாக்கும் கருவி) வாங்கி மூடியைக் கழற்றும் புதியவர்கள், இந்த எலக்ட்ரானிக்ஸ் பொழுதுபோக்கில் பழகிய நாங்கள் எல்லோரும் எப்போதோ செய்து முடித்த தவறுகளையே மறுபடி செய்கிறார்கள். வயரை மாற்றிக் கொடுப்பது, சால்டர் சரியாகப் பிடிக்காமல் விடுவது போன்றவற்றை இங்கே எழுதவில்லை. அவை தானாகவே சரியாகிவிடும்.

"அது வெறும் போலி வோல்டேஜ்" என்று ஒதுக்குவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் தருவது இதுதான். இந்த ஜெனரேட்டர்கள் பலவற்றில் எர்த் கிடையாது. மெயின்ஸை, அதாவது வீட்டு மின்சாரத்தை, குறைந்த வோல்டேஜாக மாற்றும் ஸ்விட்சிங் சப்ளை உள்ளே இருக்கிறது. அதில் மெயின்ஸ் பக்கத்துக்கும் வெளியீட்டுப் பக்கத்துக்கும் நடுவே, இரைச்சலைக் குறைக்க ஒரு ஒய் கெபாசிட்டர் இருக்கும். அதன் வழியே கசிவதால், வெளியீட்டு கேபிளை மாட்டும் பி.என்.சி சாக்கெட்டின் வெளி உலோகம் ஏறக்குறைய மெயின்ஸில் பாதி வோல்டேஜில் மிதக்கும். 230 வோல்ட் மெயின்ஸ் என்றால் மல்டிமீட்டர் 100ஐ ஒட்டிக் காட்டும். இதைத்தான் பலர் போலி வோல்டேஜ் என்று ஒதுக்குகிறார்கள்.

கரண்ட் சொற்பம்தான். 2.2 நானோஃபாரட் கெபாசிட்டர் 50 ஹெர்ட்ஸில் சுமார் ஒன்றரை மெகா ஓம், அதனால் கையில் லேசாகச் சுருக்கென்று இருக்கும், அவ்வளவுதான். ஆனால் மாஸ்ஃபெட் என்ற வகை டிரான்சிஸ்டர்கள் பலவற்றின் கேட், அதாவது உள்ளீட்டு முனை, 20 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. எர்த் ஆன சர்க்யூட்டில் சிவப்பு (சிக்னல்) கிளிப்பை முதலில் மாட்டினால், கருப்பை (கிரவுண்ட்) மாட்டுவதற்குள் அந்தக் கசிவு முழுக்க கேட்டில் போய் விழும்.

நண்பர் ஒருவருக்கு ஆம்ப்ளிஃபயரின் உள்ளீட்டு மாஸ்ஃபெட் திரும்பத் திரும்பப் போய்க்கொண்டே இருந்தது. போலிச் சரக்கு என்று விற்றவரைத் திட்டினார், சர்க்யூட்டையே மாற்றி வரைந்தார், மீட்டர் காட்டியதை மட்டும் நம்பவில்லை. ஜெனரேட்டரின் கிரவுண்டை எர்த்தோடு சேர்த்த பிறகு ஒன்றுகூடப் போகவில்லை.

சந்தேகம் இருந்தால் மீட்டரின் இரு முனைகளுக்கும் குறுக்கே 100 கிலோ ஓம் ரெசிஸ்டரைப் போட்டு, பி.என்.சி உலோகத்துக்கும் எர்த்துக்கும் இடையே அளந்து பாருங்கள். சில வோல்ட்டுக்கு இறங்கினால் வெறும் கசிவு. இறங்கவே இல்லையா? இன்சுலேஷன் போய்விட்டது, உடனே பிளக்கைப் பிடுங்குங்கள்.

சரி, தீர்வு என்ன? ஒய் கெபாசிட்டரை வெட்டி எறிவதல்ல. அலையில் ஸ்விட்சிங் இரைச்சல் ஏறும். அந்த இடத்தில் சாதாரண கெபாசிட்டரைப் போடவே கூடாது, அது ஷார்ட் ஆனால் மெயின்ஸ் நேராக உங்கள் கைக்கு வரும். மூன்று பின் இன்லெட் வைத்து, எர்த் வயரை வெளியீட்டு கிரவுண்டோடு நேராகச் சேருங்கள். கிரவுண்ட் லூப் (எர்த் இரண்டு வழியில் சேர்வதால் வரும் இரைச்சல்) வரும் என்று பயந்து சிலர் 1 கிலோ ஓம் வழியாகச் சேர்க்கிறார்கள். கசிவு அடங்கும், ஆனால் இன்சுலேஷன் போகும் நாளில் ரெசிஸ்டர் எரிந்து எர்த்தும் அதோடு போய்விடும், அதனால் எனக்கு அதில் உடன்பாடில்லை. அப்புறம், எர்த் கொடுத்தபின் ஜெனரேட்டர் மிதக்காது. கருப்பு கிளிப் தொடும் இடமெல்லாம் எர்த்தாகிவிடும்.

வேகமான ஆப்-ஆம்ப் போட்டால் போதும் என்று நினைப்பது

சிக்னலைப் பெருக்கும் சிப்பான ஆப்-ஆம்ப்களில், வேகமானவை பல கரண்ட் ஃபீட்பேக் வகை. அந்த வகையில், வெளியீட்டிலிருந்து உள்ளீட்டுக்குத் திரும்பும் ஃபீட்பேக் ரெசிஸ்டரின் மதிப்புதான் நிலைத்தன்மையைத் தீர்மானிக்கிறது. டேட்டாஷீட் சொல்வதைவிட அது மிகக் குறைந்தால் சிப் தானாகவே அலையை உண்டாக்க (ஆசிலேட் ஆக) ஆரம்பிக்கும். பழைய ரெசிஸ்டரை மாற்றாமல் விட்டுவிட்டு புதிய சிப்பைக் குறை சொல்லாதீர்கள்.

50 ஓம் கணக்கை மறப்பது

ஜெனரேட்டரின் வெளியீட்டுக்குள்ளேயே 50 ஓம் இருப்பதால், வெளியே 50 ஓம் சுமை மாட்டினால் பாதி வோல்டேஜ்தான் வரும். பழுதல்ல.

மெயின்ஸ் கெபாசிட்டரைத் தொடுவது

ஸ்விட்சிங் சப்ளையின் மெயின்ஸ் பக்கத்தில் இருக்கும் பெரிய கெபாசிட்டரைச் சொல்கிறேன்; பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் 325 வோல்ட் வரை நிற்கலாம். அளந்துவிட்டுத் தொடுங்கள்.