குமரிச் சந்தையில் வெள்ளரிக்காய்: வாங்குவதும் சமைப்பதும்

பங்குனி, சித்திரையில் வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வருகிறவர்களுக்குத்தான் கன்னியாகுமரி மாவட்டத்தின் நல்ல வெள்ளரி வாய்க்கும். கும்பப்பூ என்ற இரண்டாம் போக நெல்லறுப்பு முடிந்த வயலில் கோடைப் பயிராக விதை ஊன்றினால் ஒன்றரை மாதத்தில் பிஞ்சு பறிக்கலாம். ஆனி, ஆடி மழையில் வருகிறவர்களுக்கும் காய் கிடைக்கும், ஆனால் நீர் கோத்த காயாக இருக்கும்; கொடியழுகலும் அப்போதுதான் அதிகம். மழைக்காலத்தில் பச்சையாகத் தின்ன வாங்குங்கள், குழம்புக்கு வேறு காய் பாருங்கள்.

வெள்ளரிக்காய் என்று கேட்டால் இங்கே இரண்டில் ஒன்றைக் கையில் தருவார்கள். ஒன்று, நீளமான பச்சைக் காய்: பச்சையாகத் தின்னவும் தயிர்ப் பச்சடிக்கும். மற்றது, பருத்து உருண்டு, முற்றினால் பொன்மஞ்சளாகும் கறிவெள்ளரி. புளிசேரி (தேங்காய் அரைத்துவிட்ட மோர்க்குழம்பு), சாம்பார், அவியல் எல்லாம் இதில்தான். சித்திரையில் வரும் விஷுப் பண்டிகைக்குக் கணி வைப்பதும், அதாவது விடிந்ததும் முதலில் கண்டு விழிக்கும் தட்டில் வைப்பதும், இந்த மஞ்சள் காயைத்தான், அதனால் விஷுவுக்கு முந்தின நாள் விலை ஏறும். ஒரு வாரம் முன்பே வாங்கி வைத்தால் ஒன்றும் கெட்டுப்போகாது. வெளிநாட்டுக் கடையில் கிடைக்கும் சாலட் வெள்ளரியில் புளிசேரி வைத்துப் பார்த்து ‘வீட்டு ருசி வரவில்லை’ என்பவர்கள் பலர். அதில் சதை கரைந்து குழம்பு நீர்த்துப்போகும்.

நாகர்கோவிலில் வடசேரி உழவர் சந்தைக்குக் காலை 7 மணிக்குள் போய்விட வேண்டும். நேரம் ஆக ஆக, பலர் பொறுக்கிக் கழித்த காய்தான் மிஞ்சும். அன்றைய விலையைப் பலகையில் எழுதி வைத்திருப்பார்கள், அதில் பேரம் பேசாதீர்கள். விற்பவர்கள் அடையாள அட்டை வைத்திருக்கும் விவசாயிகள். ‘அக்கா, இது எப்பப் பறிச்சது?’ என்று கேட்டால் நேரான பதில் வரும். திங்கள்சந்தை, மார்த்தாண்டம் பக்கம் தங்குகிறவர்கள் அங்கேயே வாங்கலாம். வியாபாரிகளிடம் விலை கொஞ்சம் பேசலாம். பத்து, இருபது ரூபாய்ச் சில்லறையும் துணிப்பையும் கையில் இருக்கட்டும். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை.

பச்சைக் காயைக் காம்புப் பக்கம் விரலால் அமுக்குங்கள், மெத்தென்றிருந்தால் பழையது. நடு வயிறு உப்பியிருந்தால் விதை முற்றிவிட்டது. மஞ்சள் காயில் கனம் பாருங்கள். ஒரே அளவில் இரண்டு இருந்தால் கனமானதை எடுங்கள், தோலில் கீறலோ குழிவோ கூடாது. கீறலில்லாத மஞ்சள் காய் சமையலறையில் காற்றோட்டமாகப் பல வாரம் இருக்கும். பச்சைக் காய்க்கு அந்த ஆயுள் கிடையாது. துணியில் சுற்றி ஃபிரிட்ஜின் கீழ்த் தட்டில் வைத்து மூன்று, நான்கு நாளில் தீர்த்துவிடுங்கள். நம்மூர் வீடுகளில் மட்டியோ ஏத்தனோ ஒரு வாழைக்குலை தொங்கும், அதன் அருகில் மட்டும் வைக்காதீர்கள். வாழை பழுக்கும்போது வெளிவரும் எத்திலீன் வாயு பச்சை வெள்ளரியை மஞ்சளாக்கிவிடும்.

கசப்பு தனி விஷயம். வெயிலிலும் தண்ணீர்ப் பஞ்சத்திலும் வாடிய கொடியில் குக்கர்பிட்டாசின் என்ற பொருள் கூடும். அது காம்பு முனையிலும் தோலை ஒட்டியும்தான் அதிகம். முனையை வெட்டித் தேய்த்து நுரை எடுப்பதை நம்பி இருக்காதீர்கள். இரண்டு விரல்கடை வெட்டி எறிந்துவிட்டு, ஒரு துண்டு நாக்கில் வைத்துப் பாருங்கள். உள்ளேயும் கசந்தால் முழுக் காயும் குப்பைக்கு, வயிற்றைக் கலக்கும். மஞ்சள் காயை ஒவ்வொன்றாகச் சுவைத்த பிறகே சட்டியில் போட வேண்டும், ஒரு கசப்புக் காய் மொத்தக் குழம்பையும் கெடுக்கும்.

நான்கு பேருக்குப் புளிசேரி: மஞ்சள் வெள்ளரி 400 கிராம் எடுத்து, தோல் சீவி, விதையும் அதைச் சுற்றிய மெத்தென்ற சோற்றுப் பகுதியும் வழித்து, கட்டைவிரல் அகலத்துக்கு நறுக்குங்கள். அரை ஸ்பூன் மஞ்சள்தூள், உப்பு, ஒரு கப் தண்ணீர் சேர்த்து மூடி 10 நிமிடம் வேக விடுங்கள். குக்கர் வேண்டாம், ஒரு விசிலிலேயே குழைந்துவிடும். ஒரு கப் தேங்காய்த் துருவல், மூன்று பச்சை மிளகாய், அரை ஸ்பூன் சீரகம் ஆகியவற்றை வெண்ணெய் போல அரைத்துச் சேர்த்து மூன்று நிமிடம் கொதிக்க விடுங்கள். தேங்காய் பச்சை வாடை போவது இந்த இடத்தில்தான், மோர் விட்ட பிறகு கொதிக்க வைக்க முடியாது. தீயை நன்றாகக் குறைத்து, கடைந்த கட்டி மோர் இரண்டு கப் விட்டு, கரண்டியை நிறுத்தாமல் கிண்டுங்கள். ஓரத்தில் நுரை கட்டி ஆவி எழும்பியதும் இறக்க வேண்டும். இறக்கியும் இரண்டு நிமிடம் கிண்டுங்கள், உடனே மூடாதீர்கள். சட்டிச் சூட்டிலேயே மோர் திரிந்துவிடும், மண்சட்டியானால் இன்னும் கவனம். தேங்காய் எண்ணெயில் கடுகு, கால் ஸ்பூன் வெந்தயம், வற்றல் மிளகாய், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டுங்கள். பாக்கெட் தயிரானால் முந்தின இரவே வெளியே வைத்துப் புளிக்க விடுங்கள். புளிப்பில்லாத மோரில் புளிசேரி சப்பென்றிருக்கும்.

இங்கே கிச்சடி என்பது தயிர் கலந்த தொடுகறி, அதற்குப் பச்சைக் காயும் போதும். 300 கிராம் பொடியாக நறுக்கி, உப்புப் போட்டு, அது விடும் நீரிலேயே வதக்குங்கள். அரைக் கப் தேங்காய், இரண்டு பச்சை மிளகாய் அரைத்து, கடைசியில் அரை ஸ்பூன் கடுகு போட்டு ஒரே ஒரு சுற்று. கடுகை மையாக அரைத்தால் கசக்கும். அரைத்ததைக் காயோடு சேர்த்து ஒரு கொதி விட்டு இறக்கி, வெதுவெதுப்பாக ஆறிய பின் ஒரு கப் தயிர் கலந்து தாளியுங்கள்.

வழியோரத்தில் கீறி மிளகாய்ப்பொடி தடவித் தரும் வெள்ளரி ஆசையாகத்தான் இருக்கும். வந்து சில நாளே ஆன வயிற்றுக்கு அந்தக் கத்தியும் தண்ணீரும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். முழுக் காயாக வாங்கி வந்து, குடிநீரில் கழுவி, வீட்டுக் கத்தியால் கீறித் தின்னுங்கள்.

திரும்பும்போது பெட்டியில் காயோ விதையோ வைக்காதீர்கள். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குள் வெள்ளரி கொண்டுபோக 2019 டிசம்பர் முதல் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். ஆஸ்திரேலியா போகிறவர்கள் கையிலிருக்கும் உணவுப் பொருளை விமான நிலையத்தில் அறிவிக்காவிட்டால் அபராதம் கட்ட நேரும்.